மூன்றாவது டேக்

தில்லியில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய உகந்த மாதம் ஜனவரி. காரணம் சங்கீத சீசன் அல்ல, மின்விசிறி. ஜனவரியில் அது ஓடாது. ஏ.சி.யும் ஓடாது. ஜன்னல்கள் இறுகச் சாத்தியிருக்கும். தவிர, எந்த வீட்டிலும் நான்கு ரஜாயாவது இருக்கும். பஞ்சடைத்த இந்தக் கனத்த போர்வைகளைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் கொடி கட்டித் தொங்கவிட்டால், சுவரில் மோதித் திரும்பும் ஒலி வெகுவாக அடங்கிவிடும். பெரிய ஸ்டூடியோக்காரர்கள் இதையேதான் கண்ணாடிக் கம்பளிப் பலகைகளை வைத்துச் செய்கிறார்கள். பாடுபவருக்குச் சற்று வேர்க்கும். ஜனவரியில் அதுவும் சௌகரியம்தான்.

மயூர் விஹாரில் வசிக்கும் நண்பருக்கு வயது 46. வங்கி அதிகாரி. 20 வருடங்களாகப் பொங்கல் விழா மேடைகளில் எஸ்.பி.பி. பாடல்களைப் பாடிக் கைத்தட்டல் வாங்குகிறவர். இந்த முறை அவரே எழுதி, அவரே மெட்டமைத்த ஒரு பாட்டு. அதை டெமோவாகப் பதிவு செய்து சென்னையில் மூன்று பேருக்கு அனுப்ப வேண்டும். என்னிடம் ஒரு மைக் இருக்கிறது என்பதால் நான் ஒலிப்பதிவாளர்.

டெமோ என்றால் மாதிரி. துணிக்கடையில் காட்டும் துண்டுத் துணி போல. ஆனால் சில சமயம் துண்டே புடவையாகிவிடுவதும் உண்டு. 1982 ஜனவரியில் அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், தன் வீட்டில் நான்கு டிராக் கேஸட் ரெக்கார்டரில் சில பாட்டுகளைப் பதிவு செய்தார். பிறகு தன் குழுவோடு ஸ்டூடியோவில் வாசித்துப் பார்த்தார். எல்லாம் இருந்தது, பாட்டில் இருந்தது மட்டும் போய்விட்டது. கடைசியில் அந்தக் கேஸட்டே அதே ஆண்டு 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தது. நம் ஊரில் ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி ஒரு ஸ்டூடியோ அமைத்தார். மணிரத்னம் அங்கே போய் அவருடைய டியூன்களைக் கேட்டதன் விளைவு 1992-ல் வந்த 'ரோஜா'.

இன்று அவ்வளவுகூட வேண்டாம். லேப்டாப் ஏற்கெனவே இருக்கிறதென்றால், ஒரு கண்டென்ஸர் மைக், அதைக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் சிறு பெட்டி, ஹெட்ஃபோன் எல்லாம் இருபதாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஆடாசிட்டி போன்ற மென்பொருள் இலவசம். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. 'ப' வரும்போது மூச்சுக்காற்று மைக்கில் மோதிக் குண்டு வெடிக்கும். எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டிக் குறுக்கே வைத்தால் வெடிக்காது. மீட்டர் சிவப்பைத் தொடவே கூடாது. டிஜிட்டலில் ஒருமுறை உடைந்த ஒலி உடைந்ததுதான். கிடாரை முன்பே பதிவு செய்து ஹெட்ஃபோனில் ஒலிக்க விட்டோம். இவ்வளவுதான் தொழில்நுட்பம். பதினைந்து வயதுப் பையன் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்வான்.

சிரமம் வேறு இடத்தில். முதல் டேக்கைப் போட்டுக் காட்டினேன். நண்பர் முகம் வெளுத்துவிட்டது. "இது நானாடா? மூக்கால பாடற மாதிரி இருக்கே" என்றார். பேசும்போதும் பாடும்போதும் நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் வந்து சேர்கிறது. எலும்பு அடிநாதத்தைக் கூட்டிக் கொடுக்கும். மைக்குக்கு அந்தச் சலுகை இல்லை. உலகம் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த குரலை அவர் அன்றுதான் உற்றுக் கேட்கிறார். மேடையில் எக்கோவும் கைத்தட்டலும் அதை மறைத்திருந்தன.

இரண்டாவது டேக்கில் இன்னொரு சங்கடம். பாட்டு அவருடையது, பாடியது எஸ்.பி.பி. சொல்லின் நடுவே அந்தச் சிரிப்பு, வரி முடிவில் அந்த இழைப்பு. 20 வருடப் பழக்கம் வேறென்ன செய்யும்? ஆனால் பாட்டோ, மத்திய அரசு குமாஸ்தாவாகத் தில்லி வந்த அவருடைய அப்பா, கும்பகோணத்துக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர்களைப் பற்றியது. இடம் போதாமல், ஒட்டுகிற ஓரத்தில் குறுக்காக நுணுக்கி எழுதிய வரிகளைப் பற்றியது. அதில் குழைவுக்கு இடமில்லை. அவரை உட்காரச் சொன்னேன். மெட்டை மறந்துவிட்டு, வரிகளைக் கடிதம் படிப்பதுபோல இரண்டு முறை படிக்கச் சொன்னேன். பிறகு ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினேன்.

மூன்றாவது டேக்கில் அவர் வந்துவிட்டார். இரண்டாவது சரணத்தில் குரல் லேசாகத் தடுக்கியது; அந்தத் தடுக்கல்தான் பாட்டு. அதே இடத்தில் கீழே சௌகிதார் நீளமாக ஒரு விசில் ஊதினார். மணி இரவு பன்னிரண்டரை.

நண்பர் விடவில்லை. நான்கிலிருந்து ஒன்பது வரை பாடினார். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுத்தம். ஒவ்வொன்றிலும் உயிர் ஒரு இழை குறைவு. ஏழாவது டேக்கிலிருந்து அந்த வரியை மட்டும் வெட்டி மூன்றாவதில் ஒட்டிப் பார்த்தோம். கிழிந்த வேட்டியில் சில்க் ஒட்டுப் போட்டது போலிருந்தது. விசிலை நீக்கும் மென்பொருள் விசிலோடு குரலையும் கொஞ்சம் நீக்கியது.

சுருதியைத் திருத்தலாமே என்றார். ஆட்டோ-ட்யூன் 1997-ல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெபிராண்ட் அதற்குமுன் பூமிக்கடியில் எண்ணெய் தேடும் கணக்குகளைப் போட்டவர். எந்த ஸ்வரமானாலும் பக்கத்துப் படியில் ஏற்றி நிறுத்துவது அந்தக் கருவியின் குணம். நம்மவர்கள் படிகளில் நிற்பதில்லை. படிக்கும் படிக்கும் நடுவே சறுக்குவதைத்தான் கமகம் என்கிறோம். முழுசாக முடுக்கினால் கமகம் மாடிப்படியாகிவிடும். போட்டுக் காட்டினேன். அவரே நிறுத்தச் சொல்லிவிட்டார். மூன்றாவது டேக் என்று முடிவாயிற்று. விசிலோடு.

அனுப்புவதிலும் சில சங்கதிகள் உண்டு. நாற்பது விநாடி கிடார் முன்னிசையை எட்டு விநாடியாகக் குறைக்க வைத்தேன். கேட்கப்போகிறவர் கார் சிக்னலில் நிற்கும்போது கேட்பார். பச்சை விழுவதற்குள் குரல் வந்தாக வேண்டும். அப்புறம் பெயர். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய கிராமஃபோன் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாயின. யார் பாட்டு என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிவதற்காகப் பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். நண்பரோ தன் ஃபைலுக்கு 'ஃபைனல் நியூ 2' என்று பெயர் வைத்திருந்தார். பாட்டின் பெயர், அவர் பெயர், ஃபோன் நம்பர் என்று மாற்றினோம்.

"யாராவது சுட்டுட்டா?" என்ற பயம் அவருக்கு. பாட்டு உருவாகிப் பதிவான கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. யாரிடமும் போய்ப் பதிய வேண்டிய கட்டாயமில்லை. தேதியோடு தனக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொண்டால் தகராறு வரும்போது காட்ட உதவும். 2012-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பாட்டு சினிமாவில் சேர்ந்தாலும், தியேட்டரில் படம் ஓடுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியை எழுதியவரிடமிருந்தும் இசையமைத்தவரிடமிருந்தும் தயாரிப்பாளர் மொத்தமாக எழுதி வாங்கிவிட முடியாது. இதைச் சொன்னதும், பாட்டே இன்னும் போய்ச் சேரவில்லை, ராயல்டியா என்று சிரித்தார்.

அனுப்பி மூன்று வாரமாகிறது. ஒருவர் கட்டைவிரல் படம் அனுப்பினார். ஒருவர் வரிகளை டைப் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். மூன்றாமவர் இன்னும் திறக்கவில்லை. நண்பரின் அப்பாவுக்கு 84 வயது. ஹெட்ஃபோன் வேண்டாமென்று ஸ்பீக்கரில் இரண்டு தடவை கேட்டார். "விசில் ஊதறது நம்ம பிளாக் சௌகிதார்தானே?" என்றார். பிறகு, அந்த லெட்டர்களெல்லாம் இன்னும் எங்கே இருக்கின்றன என்று கேட்டாராம்.