முன்னே பின்னே எவ்வளவு?

மண்டபம் கரையில் ஏலம் நடக்கிற நேரத்தில், குவித்துப் போட்டிருக்கும் காரல் மீனைக் காட்டி "எவ்வளவு தேறும்?" என்று கேட்டுப் பாருங்கள். பழகிய ஆள் யாரும் ஒற்றை எண்ணோடு நிறுத்த மாட்டார். "ஒரு டன் இருக்கும், முன்னப்பின்ன ஐம்பது கிலோ" என்பார். தராசில் ஏறாத வரை எந்த எடையும் உத்தேசம்தான் என்று அவருக்குத் தெரியும்.

அதே மீன் பத்திரிகைச் செய்தியாகும்போது அந்த "முன்னப்பின்ன" பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. "மீன்வரத்து சரிவு" என்று ஒரு தலைப்பு, ஒரு சதவீதம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு டீக்கடையில் விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். மாதிரி எடுத்துக் கணக்கிட்ட எந்த எண்ணையும், "முன்னே பின்னே எவ்வளவு?" என்று கேட்காமல் நாம் ஏற்கக் கூடாது என்பது என் கட்சி.

இதைச் சொல்ல நம் ஊருக்குத் தனி உரிமை உண்டு. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் நெடுங்காலம் நம் மண்டபம் கேம்ப்பில்தான் இருந்தது. 1971-ல்தான் கொச்சிக்கு மாறியது. இந்தியக் கடலில் எவ்வளவு மீன் பிடிபடுகிறது என்று மாதிரிக் கணக்கெடுப்பு மூலம் சொல்லிவரும் நிறுவனம் அது.

எல்லாப் படகையும் எண்ண முடியாது. தமிழ்நாட்டுக் கடற்கரை மட்டுமே 1,076 கிலோமீட்டர். அதனால் பொதுவாக மாதத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்து, எந்தக் கரைக்கு எந்த நாளில் போவது என்று குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். கணக்கெடுப்பவர் முதல் நாள் பகல் 12 மணி முதல் மாலை 6 வரையும், மறுநாள் காலை 6 முதல் 12 வரையும் கரையில் இருப்பார். நடுவில் இரவில் வந்ததை விசாரித்து எழுதிக்கொள்வார். 15 படகுக்குள் வந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார். அதற்கு மேல் போனால் இத்தனைக்கு ஒன்று என்று கணக்கு. பார்த்த படகுகளின் சராசரியை வைத்து மொத்தத்தைச் சொல்வது அதற்கடுத்த வேலை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பானையைக் கிளறியிருக்க வேண்டும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை இருப்பது உங்களுக்குத் தெரியும். நாட்டுப்படகு நாளில் மட்டும் கரைக்குப் போய் எழுதிவந்தால் கணக்கு என்ன ஆகும்? அதற்காகத்தான் நாளைக் குலுக்கிப் போடுவதும், விசைப்படகு வேறு, நாட்டுப்படகு வேறு என்று பிரித்துக் கணக்கிடுவதும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கிறது. குலுக்கலில் நல்ல பாடு கிடைத்த படகுகளே அதிகம் விழுந்துவிடலாம். வெறும் வலையோடு வந்தவைகளும் விழலாம். இந்த அதிர்ஷ்டத்தின் அளவைத்தான் பிழை வரம்பு என்கிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சீசனில் 1,000 நடை. அதில் 25 நடையைப் பார்த்தோம். சராசரி 300 கிலோ. படகுக்குப் படகு வித்தியாசம் சராசரியிலிருந்து சுமார் 100 கிலோ என்று வையுங்கள். இந்த 100-ஐ 25-ன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்தால் 20. அதை இரட்டித்தால் 40. இதுதான் முன்னே பின்னே. அதாவது ஒரு நடைக்கு 260-லிருந்து 340 கிலோ வரை. அடுத்த வருடம் இதே மாதிரி 25 நடை பார்த்தால் சராசரி 280 கிலோ. தலைப்பு எப்படி வரும்? "மீன்வரத்து 7 சதவீதம் வீழ்ச்சி!" ஆனால் இரண்டு வருடத்துக்கும் தனித்தனியே பிழை உண்டு. இரண்டும் சேர்ந்தால் அந்த வித்தியாசத்தின் பிழை சுமார் 57 கிலோ ஆகிறது. ஆக, குறைந்தது 77 கிலோவாகவும் இருக்கலாம். குறையாமல் 37 கிலோ கூடியும் இருக்கலாம். இந்த இரண்டில் எது என்று இந்த எண்களால் சொல்ல முடியாது.

பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் இரண்டு மடங்கு நடை பார்த்தால் போதாது, நான்கு மடங்கு பார்க்க வேண்டும். 25-க்குப் பதில் 100. அதையும் பாதியாக்க 400. துல்லியத்துக்கு அவ்வளவு விலை.

தேர்தல் கருத்துக் கணிப்பிலும் இதே கதைதான். ஒழுங்காகக் குலுக்கி எடுத்த 1,000 பேரைக் கேட்டால் பிழை ஏறக்குறைய 3 சதவீதம். வாக்காளர் ஒரு லட்சமானாலும் ஆறு கோடியானாலும் பெரிய மாற்றமில்லை. குழம்பு நன்றாகக் கலந்திருந்தால் சட்டிக்கும் அண்டாவுக்கும் ஒரே கரண்டிதான். ஆனால் அந்த 1,000 பேரைத் தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிக்குப் பங்கு போட்டால் தொகுதிக்கு 25 பேர். அங்கே பிழை 20 சதவீதம்! மீனிலும் அப்படியே. நாட்டு மொத்தத்தை ஓரளவு நெருக்கமாகச் சொல்லும் அதே கணக்கு, ஒரு மாவட்டம், ஒரு கரை, ஒரே வகை மீன் என்று நறுக்க நறுக்கத் தளர்ந்துகொண்டே போகும். நமக்குச் சண்டை வருவதெல்லாம் இந்த நறுக்கிய துண்டுகளில்தான்.

"95 சதவீத நம்பிக்கை இடைவெளி" என்ற சொல்லையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கடலடியில் ஒரு கல் கிடக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மையான அளவு. அது நகராது. வீச்சுவலைக்காரர் அதை நோக்கி வலை வீசுகிறார். 100 தடவை வீசினால் சுமார் 95 தடவை கல் வலைக்குள் அகப்படும், அப்படிப்பட்ட கைத்தேர்ச்சி. இந்த ஒரு வீச்சில் அகப்பட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நாம் நம்புவது வீசுகிற கையை.

இந்தப் பிழை வரம்பு அதிர்ஷ்டத்தை மட்டும்தான் அளக்கும், பொய்யை அளக்காது. "ஒண்ணும் படலீங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வேறு வழியில் அனுப்பினால் எந்தச் சூத்திரத்திலும் அது பிடிபடாது. 1936-ல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை 20 லட்சத்துக்கும் அதிகமான பதில் அட்டைகளை எண்ணி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். அட்டை போனதே பெரும்பாலும் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களுக்கு. அதிலும் மனமிருந்தவர்கள்தான் பதில் போட்டார்கள். கிளறாத பானையில் எத்தனை கரண்டி அள்ளினாலும் மேற்சோறுதான் வரும்.

"இதையெல்லாம் சொன்னால் சனங்கள் நம்ப மாட்டார்கள், குழம்பிப் போவார்கள்" என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2024 ஏப்ரலில் இந்திய வானிலை ஆய்வுத் துறை, தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 106 சதவீதம் இருக்கும், 5 சதவீதம் கூடலாம் குறையலாம் என்றது. பெய்தது 108. ஒற்றை எண்ணாகப் பார்த்தால் தப்பு. முன்னே பின்னேயோடு பார்த்தால் சொன்னது சொன்னபடி. பிழையை ஒப்புக்கொண்டு சொன்னவர்மேல் நம்பிக்கை கூடத்தான் செய்கிறது. காற்றும் கடலும் பார்த்துப் பிழைக்கிற நம் ஆட்களுக்கு "இருக்கலாம்" என்ற சொல் புதிதல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. "எல்லாம் பிழை வரம்புக்குள்தான்" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வதும் தவறு. மேலே பார்த்த கணக்கில் 77 கிலோ குறைந்திருக்கவும் இடம் உண்டு அல்லவா? ஒரு வருடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஐந்தாறு வருடம் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால், அதை அதிர்ஷ்டம் என்று தள்ளவும் முடியாது.

2001-ல் 45 நாளாக ஆரம்பித்த மீன்பிடித் தடைக்காலம், 2017 முதல் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாளாகிவிட்டது. கூடிய 16 நாள் என்பது கரையில் நிற்கும் படகு, ஓடாத ஐஸ் கம்பெனி, கடனில் ஓடும் குடும்பம். அந்த நாள்கள் மீனைப் பெருக்குகின்றன என்றால் அத்தனை பேரும் பொறுத்துக்கொள்ளலாம். பெருக்குகிறதா என்பதைச் சொல்ல வேண்டியது இந்த எண்கள்தான். அதனால்தான் அவை முழுசாக வர வேண்டும் என்கிறேன்.

கணக்கெடுப்பவர்களுக்குத் தங்கள் எண்ணின் பலவீனம் தெரியும். கரைக்கும் காகிதத்துக்கும் நடுவில் எங்கோதான் அது உதிர்ந்துவிடுகிறது. அடுத்த தடவை யாராவது ஒரு சதவீதத்தை நீட்டிச் சண்டைக்கு வந்தால், கோபப்பட வேண்டாம். எத்தனை படகைப் பார்த்தார்கள், எப்படிப் பொறுக்கினார்கள், முன்னே பின்னே எவ்வளவு என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இல்லையென்றால், தராசில் ஏறாத மீனுக்கு நாம் ஏன் விலை பேச வேண்டும்?