பக்கத்துக் கதவும் பழைய பூட்டும்

சீனர்களுக்கு அளித்திருந்த விசா விலக்கை 2024 ஜூலை 1 முதல் ஈக்வடோர் நிறுத்திவைத்தது. வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முறையான வழியில் நாட்டைவிட்டு வெளியேறவில்லை என்பது அந்த அரசு சொன்ன காரணம். அவர்களுள் பலர் தலைநகர் கீத்தோவில் விமானம் விட்டிறங்கி, கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் இடையே சாலையே இல்லாத டாரியன் காட்டை நடந்து கடந்து, வடக்கே அமெரிக்க எல்லையை அடைந்தவர்கள். ஒரு நாட்டில் இறங்கியவர் அங்கே தங்காமல் அடுத்த நாட்டுக்கு நகரும் இத்தகைய தொடர்பெயர்வைத் தடை ஒன்றினாலேயே அடக்கிவிடலாம் என்னும் நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

அமெரிக்கா 1882-இல் சீனத் தொழிலாளர்களின் வருகையைத் தடைசெய்தபோது, அவர்கள் கனடாவில் இறங்கித் தெற்கு நோக்கி எல்லை கடந்தனர். கனடாவோ, சீனர்களின் உழைப்பில் பசிபிக் ரயில்பாதை முடிவடைந்த அதே 1885-இல், உள்ளே வரும் சீனர் ஒவ்வொருவரும் 50 டாலர் கட்ட வேண்டும் என்னும் தலைவரியை விதித்து, 1903-இல் அதை 500 டாலராக, அதாவது ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ ஈராண்டு ஊதியமாக, உயர்த்தியது. (வேலை முடிந்த பிறகே விருந்தாளி சுமையாகத் தெரிகிறார் போலும்.) மெக்சிகோ வழியாகவும் சீனர்கள் வந்ததால், எல் பாசோ நகரை மையமாகக் கொண்டு 1904 முதல் குதிரைக் காவலர்கள் எல்லையைச் சுற்றிவந்தனர், 1924-இல் அமைந்த எல்லைக் காவல் படைக்கு முன்னோடிகள் அவர்களே. காவல் வளர்ந்ததே தவிர, கடத்தல் ஓயவில்லை.

இத்தகைய தடைகளின் கொடிய முகம் 1931-ஐ ஒட்டி சொனோராவில் வெளிப்பட்டது. அந்த மெக்சிக மாநிலத்திலிருந்து துரத்தப்பட்ட சீனக் குடும்பங்கள், மெக்சிக மனைவியரும் பிள்ளைகளும் உட்பட, வேலிக்கு அப்பால் அரிசோனா மண்ணில் தள்ளப்பட்டன. அனுமதியின்றி நுழைந்தவர்கள் என்று அவர்களைப் பிடித்த அமெரிக்க அதிகாரிகள் சீனாவுக்குக் கப்பலேற்றினர். இரு அரசுகளும் தத்தம் சட்டத்தை நிறைவேற்றிவிட்டன. ஸ்பானிய மொழி பேசி வளர்ந்த பிள்ளைகளோ, பார்த்தறியாத நாட்டில் போய் இறங்கினர்.

ஆகவே தடை விதிக்குமாறு ஈக்வடோர் போன்ற நாடுகளை நெருக்குவதைவிட, அமெரிக்கா தன் தூதரகங்களிலேயே வேலை விசா விண்ணப்பங்களை விரைந்து ஏற்று முடிவுசெய்வதும், தஞ்சம் கோருபவர்களின் வழக்கை எல்லைக்கு வரும் முன்பே வழியிலுள்ள நாடுகளில் விசாரிப்பதும், தங்க விரும்புபவர்களுக்கு அந்நாடுகள் குடியுரிமை ஆவணம் வழங்க நிதி தருவதும் தேவை. இவற்றுக்கு ஆகும் செலவு, ஆட்கடத்துபவர்களின் கையில் இன்று போய்ச் சேரும் பணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட வேண்டும்.