மூணா, எட்டா? அப்பாவின் குறுக்கெழுத்துக் கட்டத்தில் நான் கவனிக்காமல் விட்டது!

காலை 6.40. சென்னையில் என் அறைத்தோழிகள் எல்லாம் போர்வைக்குள் சுருண்டிருக்கும் நேரம். என் போனில் ஒரு வாட்ஸ்அப் படம் வந்து விழும். அப்பாதான். ரோஜாப்பூவோடு 'குட் மார்னிங்' எல்லாம் கிடையாது. வேப்பந்தட்டை டீக்கடை பெஞ்சில் விரித்துவைத்த நாளிதழ், அதில் குறுக்கெழுத்துக் கட்டம், ஓரத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை. கீழே ஒரே ஒரு வரி: "4 மேலிருந்து கீழ் என்ன?"

அப்பா ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். முப்பது வருஷம் விசில் ஊதியவர். நான் பி.எட். படித்து அவரைப் போலவே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் ஜர்னலிசம் டிப்ளமோவில் சேர்ந்தேன். அதற்கப்புறம் ரெண்டு வருஷம் எங்களுக்குள் "சாப்பிட்டியா?", "ம்... சாப்பிட்டேன்பா" என்பதைத் தாண்டிப் பேச்சில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள், "பேப்பர்காரி ஆயிட்டல்ல, இதுக்கு பதில் சொல்லு" என்று முதல் படத்தை அனுப்பினார். அன்றைய குறிப்பு: 'தெருவில் உருளும், மைதானத்தில் சதமடிக்கும் (2)'.

நான் சட்டென்று விராட் கோலியை நினைத்தேன். அப்பா பனைமரத்தடியில் குழி பறித்து ஆடிய கோலிக்குண்டை நினைத்திருக்கிறார். குறிப்பில் பாதி அவருக்குப் புரிந்தது, பாதி எனக்கு. ரெண்டையும் சேர்த்தால் கோலி. அன்றைக்குத்தான் போனில் பத்து நிமிஷம் பேசினோம்.

வியாழக்கிழமை விளையாட்டு

அப்பா வாங்கும் நாளிதழில் தினமும் குறுக்கெழுத்து உண்டு. வியாழக்கிழமையானால் முழுக்க விளையாட்டுதான். மற்ற நாள் புதிரை ஒருத்தர் தனியாகப் போட்டுவிடலாம். விளையாட்டுப் புதிருக்கு ரெண்டு தலைமுறை வேண்டும்.

'பாடிக்கொண்டே எல்லை தாண்டும் ஆட்டம் (4)' என்று ஒரு குறிப்பு வந்தால், எனக்குத் தெரிந்தது கபடி. அது மூன்றெழுத்து. அப்பா யோசிக்காமல் 'சடுகுடு' என்பார். 1928, 1932, 1936 என மூன்று ஒலிம்பிக்கில் ஹாக்கித் தங்கம் வென்றவர் யார் என்றால் அப்பாவிடம் பதில் இருக்கும். ஆனால் அந்தப் பேப்பர் 'தயான் சந்த்' என்று எழுதுமா, 'தியான் சந்த்' என்று எழுதுமா என்று கண்டுபிடிப்பது என் வேலை. செஸ் என்றால் அவர் விஸ்வநாதன் ஆனந்தோடு நின்றுவிடுவார். அதற்குப் பின் வந்தவர்கள் என் பொறுப்பு.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு அப்பா சொல்லும் பாடம் ஒன்றுதான்: "முதல்ல கட்டத்தை எண்ணு. அப்புறம் குறிப்பைப் படி."

தமிழில் எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம். உயிர்மெய் எழுத்து முழுசாக ஒரே கட்டம். 'கைப்பந்து' என்றால் கை, ப், ப, ந், து என ஐந்து. இதே சொல்லைக் கம்ப்யூட்டர் யூனிகோடில் ஒன்பது குறியீடாகச் சேமிக்கிறது. ககரம் தனி, ஐகாரக் குறி தனி, புள்ளி தனி! டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிற எனக்கு இது தினசரித் தலைவலி. அப்பாவின் விரல்கள் ஐந்து என்று சரியாகச் சொல்லிவிடும்.

இன்னொரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? ஆங்கிலப் புதிரில் ரெண்டே திசைதான். நம் புதிர்களில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நாலு திசையும் உண்டு. இதில் ஒரு வசதி இருக்கிறது. தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது. ஆனால் ஏராளமான சொற்கள் அதில்தான் முடியும். 'சதுரங்கம்' என்று எழுதி, வலது மூலையில் 'ம்' வந்து நின்றுவிட்டால் அங்கிருந்து கீழே எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது. ஆனால் கீழிருந்து மேலே ஏறி வரும் 'சிலம்பம்', அதே 'ம்'மில் வந்து முடியலாம். நாலு திசை இருந்தால் புதிர் போடுகிறவருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

நூறு வருஷத்துக் கட்டம்

இந்தப் பைத்தியம் இன்று நேற்று வந்ததல்ல. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு புதிர் போட்டார். அதிலிருந்து தொடங்கியதுதான் எல்லாம். நம் ஊரில் 1930-களிலேயே ஆனந்த விகடனின் குறுக்கெழுத்துப் போட்டிகள் பிரபலம்.

பரிசுப் பணம் உள்ளே வந்ததும் சட்டமும் வந்தது. பரிசுப் போட்டிகளுக்கான 1955-ம் வருஷத்து மத்தியச் சட்டம், மாதத்துக்கு மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது. பெங்களூரிலிருந்து வந்த 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்ற வாரப் பத்திரிகை வழியாக நடந்த குறுக்கெழுத்துப் போட்டிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. இது திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கு 1957-ல் வந்த அந்தத் தீர்ப்புகளை, இன்றைய ஆன்லைன் விளையாட்டு வழக்குகளிலும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அப்பாவுக்கு இதில் பிடித்த கதை வேறு. செங்கல்பட்டில் பிறந்த அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி, இந்தியக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர். 1958 முதல் 1962 வரை அந்தப் பதவியில் இருந்தார். ஓய்வுக்குப் பிறகு 'தி ஹிந்து' நாளிதழுக்குக் குறுக்கெழுத்து அமைத்துக் கொடுத்தார். டீக்கடையில் யாராவது, "என்ன சார், சின்னப் புள்ளையாட்டம் கட்டம் போட்டுக்கிட்டு?" என்று கேட்டால், "கப்பப் படையவே நடத்துன மனுஷன் கட்டம் போட்டிருக்காரு, நான் போடக் கூடாதா?" என்பார்.

தப்பு வந்த வியாழன்

போன தை மாதம். பொங்கல் முடிந்து நான் சென்னை திரும்பியிருந்தேன். அந்த வியாழன் வந்த படத்தில் ஏதோ சரியில்லை.

3-க்கான குறிப்பு: 'ஆற்றைக் கடக்க உதவும்; இதிலும் பந்தயம் உண்டு (2)'. 8-க்கான குறிப்பு: '2011 உலகக் கோப்பையை சிக்ஸர் அடித்து முடித்த கேப்டன் (2)'. முதலாவது தோணி, மூன்று சுழி. ரெண்டாவது தோனி, இரண்டு சுழி. புதிர்க்காரர் வேண்டுமென்றே வைத்த பொறி. அப்பா ரெண்டையும் மாற்றி எழுதியிருந்தார். அதே கட்டத்தில், சடுகுடு வர வேண்டிய நாலு கட்டத்தில் ஒன்றைக் காலியாக விட்டு 'கபடி' என்று எழுதியிருந்தார்.

எத்தனையோ பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தவர். சடுகுடுவை விட்டுவிட்டாரா?

அடுத்த வியாழன் ஐந்து தப்பு. அதற்கடுத்த வியாழன் பாதிக்கட்டம் காலி. "ஏன்பா?" என்று கேட்டதற்கு, "போரடிக்குது பாப்பா" என்று பதில் வந்தது. அம்மாவிடம் கேட்டேன். "இப்பல்லாம் பேப்பரைக் கடையிலயே வச்சுட்டு வந்துடறாருடி" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, கடைசிக் காலத்தில் ஒவ்வொரு பெயராக மறந்தார். முதலில் பக்கத்து வீட்டுக்காரர், பிறகு மருமகள், கடைசியில் மகன். அந்த நாள்களில் அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ராத்திரியெல்லாம் போனில் 'மறதி நோய்', 'ஆரம்ப அறிகுறி' என்று தேடிக்கொண்டிருந்தேன். அவரிடம் நேராகக் கேட்க மட்டும் தைரியம் வரவில்லை.

டீக்கடை பெஞ்சில்

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதன்கிழமை இரவு பஸ் ஏறினேன். விடியற்காலை பெரம்பலூரில் இறங்கி, ஆத்தூர் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பக்கம் மக்காச்சோளத் தட்டை, இன்னொரு பக்கம் வெடித்த பருத்தி. வேப்பந்தட்டையில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக டீக்கடைக்குப் போனேன்.

அப்பா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பேப்பரைக் கைநீட்டித் தூரப் பிடித்தார். பிறகு மூக்குவரை கொண்டுவந்தார். வெயில் விழுகிற பக்கம் சாய்த்தார். கடைசியில் போனை எடுத்துப் படம் பிடித்து, ரெண்டு விரலால் இழுத்துப் பெரிசாக்கி, போனைப் பார்த்துப் பேப்பரில் எழுத ஆரம்பித்தார்.

எனக்கு அனுப்புவதற்காகப் படம் எடுக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் முதலில் தனக்காக எடுத்திருக்கிறார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திடுக்கிட்டுப் பார்த்தவர், "லீவா?" என்றார்.

"அப்பா, இது என்ன நம்பர்?" கட்டத்தின் மூலையில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். "மூணு... எட்டு மாதிரியும் இருக்கு."

"எத்தனை மாசமாப்பா?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "ஆறு மாசம் இருக்கும். ராத்திரியில எதிர்ல வண்டி வந்தா வெளிச்சம் செதறுது. லைன்ல பட்ட பந்தை உள்ள, வெளியன்னு சொன்ன கண்ணு. இப்பத் தெரியலன்னு யார்கிட்டப் போயி சொல்றது?"

நான் அழவில்லை. நிம்மதியில் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. தாத்தாவைப் பற்றி நான் பயந்ததைச் சொன்னதும் கோபம் போய்விட்டது. "எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு பாப்பா. தோணியையும் தோனியையும் மாத்திட்டேன்னு நீ சொன்ன அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல" என்றார்.

ஒரே பயத்தை ஆளுக்கொரு ஊரில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

நீங்களும் ஒருதரம் பாருங்கள்

டாக்டர் பார்த்துவிட்டுக் கண்புரை என்றார். கண்ணின் லென்ஸ் மெல்ல மெல்ல மங்கிப்போவது. பழைய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். சில வாரங்கள் சொட்டு மருந்து, கனமான பொருளைத் தூக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அந்த வாரங்களில் புதிரை நான் போனில் வாசித்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, விரலை மடக்கி எழுத்தை எண்ணிப் பதில் சொன்னார். ஒரு வியாழனில் எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு தப்புகூட இல்லை.

வீட்டில் பெரியவர்கள் திடீரென்று பேப்பர் படிப்பதை நிறுத்தினால், கோலத்தின் புள்ளி தவறினால், பல்லாங்குழியில் சோழியைத் தப்பாக எண்ணினால், "வயசாயிடுச்சு, மறதி" என்று நாமே முடிவுகட்ட வேண்டாம். ஒருதரம் கண்ணைப் பரிசோதியுங்கள். உண்மையிலேயே மறதியாக இருந்தாலும், அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். இரவு முழுக்க நான் தேடிய தேடலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு காலைப்பொழுது பக்கத்தில் உட்கார்ந்ததில் விஷயம் தெரிந்தது.

போன வியாழன் அப்பா அனுப்பிய படம் பளிச்சென்று இருந்தது. எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது, ஒன்றைத் தவிர. 'வலைக்கு மேலே போனால்தான் ஆட்டம் (5)'. அவசரத்தில் நான் 'கால்பந்து' என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

"லைனுக்கு வெளிய. கைப்பந்து. கட்டத்தை எண்ணுனா மட்டும் போதாது, குறிப்பையும் படி பாப்பா."

உங்களுக்கு ஐந்து

வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரோடும் பொடிசு ஒருவரோடும் சேர்ந்து போட்டுப் பாருங்கள்.

1. 2022-ல் மாமல்லபுரத்தில் வேட்டி கட்டி நின்ற குதிரையின் பெயர், ஓர் உறவுமுறை (3)
2. 18 வயதில் சிங்கப்பூரில் உலக செஸ் பட்டம் வென்ற சென்னைக்காரர் (3)
3. பதினாலு குழி, ஒரு பலகை (6)
4. ஆற்றில் மாட்டினாலும் ஆபத்து, பந்துவீச்சில் மாட்டினாலும் அவுட் (3)
5. 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வென்ற ஹாக்கி அணியில் நம்ம அரியலூர்க்காரர் (4)

விடைகள்: 1. தம்பி, 2. குகேஷ், 3. பல்லாங்குழி, 4. சுழல், 5. கார்த்தி