மன்னார் அண்ட் கம்பெனியின் காரைக்கால் மானேஜர்

வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெறுமனே ஊர் சுற்றி வருபவரைப் பார்த்து, ‘என்னப்பா, மன்னார் அண்ட் கம்பெனியா?’ என்று கேட்கும் பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தக் கம்பெனிக்குக் கட்டடம் கிடையாது; முதலாளி கிடையாது. ஒரே ஒரு மானேஜர் மட்டும் உண்டு. அவர்தான் கே.ஏ.தங்கவேலு.

பெயருக்கு முன்னால் உள்ள ‘கே’, காரைக்கால். 1917-ல் அங்குள்ள திருமலைராயன்பட்டினத்தில் பிறந்தார். அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. நாடக மேடையில் பழகி, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார். 1951-ல் வெளியான ‘சிங்காரி’ படத்தில் வார்த்தைக்கு வார்த்தை ‘டணால்’ என்பார். அதிலிருந்து ஊருக்கெல்லாம் அவர் ‘டணால்’ தங்கவேலு ஆனார்.

சிரிக்கவைக்க அவர் விழுந்து புரள வேண்டியதில்லை. பேச்சை ஓர் இழுப்பு இழுத்து, ஒரு நொடி நிறுத்தினால் போதும், தியேட்டர் அதிரும். ‘மிஸ்ஸியம்மா’வில் (1955) துப்பறிகிறேன் பேர்வழி என்று அலைவார். ‘நான் கண்ட சொர்க்கம்’ (1960) படத்தில் அவர்தான் கதாநாயகன். ‘அறிவாளி’யில் (1963) பூரி சுடும் விதத்தைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பார். ஒவ்வொன்றுக்கும் ‘தெரியும்’ என்றே பதில் சொல்லும் டி.பி.முத்துலட்சுமியிடம் அவர் பொறுமை இழக்கும் அழகை இன்றைக்கும் வீட்டுச் சமையலறைகளில் நினைத்துச் சிரிக்கிறார்கள்.

ஆனாலும் மகுடம், 1959-ல் வந்த ‘கல்யாண பரிசு’தான். ஸ்ரீதர் இயக்கிய முதல் படம். அதில் தங்கவேலுவின் பெயர் பைரவன். கையில் வேலை இல்லை. அதை வீட்டில் சொல்ல முடியவில்லை. மன்னார் அண்ட் கம்பெனியில் மானேஜர் என்று அளந்துவிடுகிறார். பிறகு பிரபல எழுத்தாளர் என்றும் பெருமை அடித்துக்கொள்கிறார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். மனைவி குறுக்கே கேள்வி கேட்கக் கேட்க, அவர் சமாளிக்கும் தினுசே தனி.

பைரவன் யாரையும் ஏமாற்றிப் பணம் பறிக்கவில்லை. சம்பாதிக்காத ஆண்பிள்ளைக்குக் கட்டிய மனைவியிடம்கூட மதிப்பு இருக்காதோ என்ற பயம்தான் அவரைப் பொய் சொல்லவைக்கிறது. அந்தப் பயத்தை ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லாமல் காட்டினார் தங்கவேலு. அதனால்தான் சிரிக்கும்போதே அந்த மனிதர் மீது இரக்கமும் வருகிறது. இன்டர்வியூவுக்கு அலைந்து களைத்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்றும் ஒரு பைரவன் இருக்கலாம்.

படத்தில் மனைவியாக வந்த எம்.சரோஜா, வாழ்க்கையிலும் அவருக்கு மனைவியானார். 1994 செப்டம்பர் 28-ல் தங்கவேலு மறைந்தார்.

‘கல்யாண பரிசு’ காமெடியைச் செல்போனில் தேடினால் கிடைக்கும். தனியாகப் பார்க்காதீர்கள். தாத்தா பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வசனத்தை அவர்கள் முந்திக்கொண்டு சொல்வார்கள்!