ஓம், காசு குடுத்துத்தான் காம்பிங் போறம்

"எங்கட சனம் கூடாரத்துக்குள்ள கிடந்து அழிஞ்சது. நீங்கள் காசு குடுத்து அதுக்குள்ள படுக்கப் போறியளோ?"

இந்தக் கோடையில் மட்டும் நான்கு பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். சொற்கள் கொஞ்சம் மாறும், கேள்வி ஒன்றுதான். நாங்கள் செய்த குற்றம் இவ்வளவுதான்: நானும் என் கணவனும் கூரை உயர்த்தக்கூடிய ஒரு காம்பர்வானை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மோர்டனிலிருந்து டெவனுக்குப் போனோம். டாட்மூர் ஓரமாக ஒரு பண்ணை முகாமில் ஐந்து இரவு தங்கினோம். சமைத்தோம், நடந்தோம், நித்திரை கொண்டோம். யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. யார் வீட்டுக்கும் போகவில்லை. (அவனை "அவன்" என்று எழுதுவதற்கு அம்மா கோபிப்பா. அதை இன்னொரு பதிவில் பார்ப்போம்.)

எங்கள் வீடுகளில் "காம்ப்" என்றால் என்ன என்று முதலில் சொல்கிறேன். உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்கு காம்ப் என்றால் ஆமிக் காம்ப். அதற்குள் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. முகாம் என்றால் அகதி முகாம். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்கக் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது பள்ளிக்கூடமும் கோயிலும் மரநிழலும் முகாமாயின. 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்களைச் செட்டிகுளத்தில் மெனிக் பாமில் அடைத்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம், சுற்றிவர முள்ளுக்கம்பி. அந்த வருடம் டிசம்பர் வரைக்கும் தாங்களாக வெளியே போய்வர அனுமதி இல்லை. 2012 செப்ரெம்பரில்தான் அந்த முகாமை முழுதாக மூடினார்கள். தமிழ்நாட்டில் எங்கள் ஆட்கள் நாற்பது வருடமாக இருக்கிற இடத்துக்கும் பெயர் முகாம்தான். 2021இல் அதை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றினார்கள். பெயரின் முன்பாதிதான் மாறியது.

ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒருவருக்கு நெஞ்சு இறுகினால் எனக்கு விளங்குகிறது. மெனிக் பாமில் இருந்த ஒரு சின்னம்மா எங்களுக்கு இருக்கிறா. நாங்கள் போகப்போகிறோம் என்றதும் அவ கேட்டது இரண்டு கேள்விதான். "தண்ணி வருமோ? எத்தனை பேருக்கு ஒரு கக்கூஸ்?" வானுக்குள்ளேயே எங்களுக்கென்று ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். அவ தலையை ஆட்டினா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கவனியுங்கள், "போகாதே" என்று அவ சொல்லவில்லை. சொன்ன நான்கு பேரில் ஒருவரும் ஒரு நாள்கூட முகாமில் இருந்தவர் இல்லை. எண்பதுகளில் விமானத்தில் வந்து இறங்கியவர்கள். கராஜ் வைத்த வீட்டில் இருந்துகொண்டு, அடுத்தவர் பட்ட துன்பத்தை எடுத்து எங்கள் வாயை அடைக்கிறார்கள். இந்தக் கோபத்தை நான் ஒளிக்கப்போவதில்லை. முகாமில் இருந்தவரின் வலி அவருடையது. அதை இரவல் வாங்கி, ஒரு கலியாணம் கட்டிய சோடி ஐந்து நாள் தனியாகப் போவதைத் தடுக்கப் பாவிப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. முகாமையும் காம்பிங்கையும் பிரிப்பது துணி அல்ல, படலை. ஒன்றில் படலையை இன்னொருவன் வெளியிலிருந்து பூட்டுகிறான். மற்றதில் மழை பிடிக்காவிட்டால் திறப்பைத் திருப்பி வீட்டுக்கு வரலாம். இந்த வித்தியாசம் தெரியாதவர் முகாமைப் பற்றியும் ஒன்றும் தெரியாதவர்.

இரண்டாவது வாதம் இன்னும் பிரபலம். "அது வெள்ளைக்காரன்ர வேலை." 

அப்படியா? சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற சனம் என்ன செய்கிறது? வாரக்கணக்கில் நடக்கிறது. வழியில் கோயில் வெளியிலும் மரத்தடியிலும் படுக்கிறது. கல்லு வைத்து அடுப்பு மூட்டிச் சமைக்கிறது. கிழக்குக் கரையோரமாகப் போய், குமண, யால காடுகளுக்குள்ளால் இறங்குகிறது. இதை வெள்ளைக்காரனா சொல்லித் தந்தான்? எங்கள் பாட்டன்மார் தூரத்துக் கோயில் திருவிழாவுக்கு எதில் போனார்கள்? கூடாரவண்டியில். மேலே வளைந்த கூரை, உள்ளே வைக்கோல், அதன்மேல் பாய், பின்னுக்குச் சட்டி பானை, அரிசி, தேங்காய். நித்திரை கொள்கிற பிள்ளைகளும் அதற்குள்தான். நாங்கள் வாடகைக்கு எடுத்த வானிலும் அதே சாமான்தான் இருந்தது, மாடு மட்டும் இல்லை. பெயரைக்கூட நாங்கள் புதிதாகத் தேடத் தேவையில்லை. காம்பர்வானுக்குத் தமிழ் கூடாரவண்டி.

"வெள்ளைக்காரன்ர வேலை" என்று சொல்பவர்களுக்கு இந்த நாட்டின் கதையும் தெரியாது. இங்கே மலையில் நடக்கிற உரிமை சாதாரண வெள்ளைக்காரனுக்கே சும்மா கிடைக்கவில்லை. பீக் டிஸ்ரிக்ரில் கின்டர் ஸ்கவுற் என்று ஒரு மேட்டு நிலம். பிரபுமார் பறவை சுடுவதற்காக அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24ஆம் திகதி மான்செஸ்ரர் பக்கத்துத் தொழிலாளப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, தடுத்த காவற்காரரையும் தாண்டி அதில் ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. முன்னுக்கு நின்ற பென்னி ரொத்மனுக்கு அப்போது வயது 20. நான்கு மாதம் உள்ளே இருந்தார். அவருடைய தாய் தகப்பன் யார் தெரியுமா? ருமேனியாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகள். உங்களையும் என்னையும் போல இரண்டாம் தலைமுறைப் பொடியன். "இது எங்கட இடமில்லை, நாங்கள் வந்த ஆக்கள்" என்று அவர் வீட்டில் இருக்கவில்லை. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே பீக் டிஸ்ரிக்ற்.

சண்டை இன்னும் முடியவில்லை. டாட்மூரில் அனுமதி கேட்காமல் கூடாரம் அடித்து இரவு தங்கலாம் என்பது பழைய வழக்கம். அங்கே பெருநிலம் வைத்திருக்கிற ஒரு தம்பதி அப்படி உரிமை இல்லை என்று வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் அவர்கள் பக்கம் தீர்ப்பு. அதே வருடம் ஜூலையில் மேன்முறையீட்டில் அது மாறியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சனத்தின் பக்கமே நின்றது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிற "திறந்தவெளிப் பொழுதுபோக்கு" என்ற சொல்லுக்குள் கூடாரம் அடிப்பதும் அடங்குமா என்பதுதான் முழு வழக்கும். அடங்கும் என்றார்கள். இங்கிலாந்தில் வேறு பெரும்பாலான இடங்களில் இப்போதும் நிலக்காரனைக் கேட்கத்தான் வேண்டும். வானுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது, அதனால்தான் நாங்கள் பண்ணையில் காசு கட்டித் தங்கினோம். சொல்ல வருவது, இந்த நிலத்தில் ஒரு இரவு படுப்பதற்காக இங்கே சனம் உச்ச நீதிமன்றம் வரை போகிறது. நாங்களோ யாரும் பூட்டாத படலைக்கு வெளியே நின்றுகொண்டு "அது எங்களுக்கில்லை" என்கிறோம்.

மோர்டன் நோதன் லைன் முடிகிற இடம். ரெயின் அதற்கு மேல் போகாது. எங்கள் சனத்துக்கு நாடே அங்கே முடிந்துவிடுகிறது. வேலை, கோயில், ரூட்டிங் கடைத்தெரு, ரியூசன், வீடு. பக்கத்திலேயே மோர்டன் ஹோல் பார்க், வான்டில் ஆறு ஓடுகிறது, உள்ளே போகக் காசும் இல்லை. அங்கே எங்கள் ஆட்களை நான் காண்பது பெரும்பாலும் கலியாணப் படம் எடுக்கிற அன்றுதான். பட்டுச்சேலை ஈரமாகாமல் இருபது நிமிடம் நின்றுவிட்டுக் காருக்குள் ஏறிவிடுவார்கள்.

"பாப்பாங்கள், ஒரு மாதிரிப் பாப்பாங்கள்" என்று அப்பா சொன்னார். இதை மட்டும் நான் சிரித்துத் தள்ளமாட்டேன். 2024 ஆகஸ்ட் முதல் வாரத்தில் இந்த நாட்டின் தெருக்களில் என்ன நடந்தது, அகதிகள் தங்கியிருந்த ஹொட்டேல்களை எப்படித் தாக்கினார்கள் என்று எல்லாரும் பார்த்தோம். அந்தப் பயம் கற்பனை அல்ல. போன இடத்தில் எங்களையும் பார்த்தார்கள். ஒரு கிராமத்துக் கடையில் கதை நின்று, நாங்கள் பால் வாங்கி வெளியே வந்தபிறகுதான் திரும்பத் தொடங்கியது. பக்கத்து வானில் இருந்த வயதான சோடி எங்களைப் பார்த்தது வேறு காரணத்துக்கு: நாங்கள் கோழிக்கறி காய்ச்சிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அந்த மனுசி கிண்ணத்தோடு வந்தா. முதலாவது பார்வைக்கு இது மருந்து என்று நான் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்காக ஒரு முழு நாட்டையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று சொல்கிறேன். நாங்கள் போகாமல் இருப்பதால் பார்ப்பவன் திருந்தப் போவதில்லை, அவனுக்கு வசதிதான்.

இனி உண்மையான தடைக்கு வருவோம். கூடாரமோ வெள்ளைக்காரனோ அல்ல. சோடியாக, தனியாக, சும்மா இருப்பதுதான் எங்கள் வீடுகளில் பொறுக்க முடியாத விசயம்.

எங்கள் கோடை அழைப்பிதழ்களின் காலம். சனிக்கிழமை சாமத்தியவீடு, ஞாயிறு கலியாணம், அடுத்த கிழமை தேர், அதற்கடுத்தது ஊர்ச்சங்க விளையாட்டுப் போட்டி. வெளிநாட்டுப் பயணம் என்றால் ரொறன்ரோ. ரொறன்ரோ என்றால் ஸ்காபரோவில் மாமா வீட்டு பேஸ்மன்ற். பரிஸ் என்றால் லாசப்பல். பத்து நாள் போய் பதினாறு வீட்டில் சாப்பிட்டு, நயாகராவுக்கு முன்னால் ஒரு படம் எடுத்து, களைத்து விழுந்து திரும்புவதற்கு நாங்கள் "ஹொலிடே" என்று பெயர் வைத்திருக்கிறோம். அதில் கணவனும் மனைவியும் தனியாகக் கதைத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். விமானத்துக்குள் கதைத்ததையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்பா இருபத்திரண்டு வருடம் பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை செய்தார். இந்த நாட்டில் முழுநேர வேலையாளுக்கு வருடத்தில் 28 நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அவர் அந்த லீவை எடுத்தது செத்தவீட்டுக்கும் கலியாணத்துக்கும். அவரும் அம்மாவும் சேர்ந்து ஒரு கடற்கரையில் சும்மா இருந்ததை நான் கண்டதில்லை. அது தியாகம், மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு நல்ல வாழ்க்கை வேண்டும் என்றுதானே அந்த இரவுகளை விற்றார்? அந்த வாழ்க்கையில் ஐந்து நாளை நாங்கள் அனுபவித்தால் அது அவருக்குத் துரோகம் ஆகாது. அனுபவிக்காமல் விட்டால்தான் அவர் விற்றது வீண்.

"ஊரில சனம் கஷ்டப்படேக்க உங்களுக்கு உல்லாசமோ" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று. எங்கள் வானுக்கான வாடகை, ஒரு சாமத்தியவீட்டு மண்டபத்தின் பூச்சோடனைச் செலவுக்குக் கிட்டவும் வராது. பல்லக்கில் பிள்ளையைத் தூக்கி வருகிறபோது ஊர்ச்சனத்தின் கஷ்டம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. இரண்டு பேர் புல்லில் இருந்து வெறுந்தேத்தண்ணி குடித்தால் மட்டும் உடனே வந்துவிடுகிறது.

என்ன செய்தீர்கள் அங்கே என்று கேட்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை, அதுதான் விசயம். ஏ303இல் ஸ்ரோன்ஹெஞ்ச் பக்கத்தில் நெரிசலில் நின்றபோது அந்தக் கல்லுகளை வேண்டிய அளவு பார்த்தோம். இரண்டாம் இரவு விடிய விடிய மழை. தகரக் கூரையில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம், இருவருக்கும் நித்திரை இல்லை. அப்போதுதான் அவன் தன் தகப்பனைப் பற்றி, கலியாணம் கட்டி இரண்டு வருடத்தில் எனக்குச் சொல்லாத ஒரு விசயத்தைச் சொன்னான். மோர்டனில் அதற்கு இடம் கிடைத்திருக்காது. யாராவது பெல் அடித்திருப்பார்கள். மற்றும்படி குட்டிக் குதிரைகள் பார்த்தோம், கருங்கல் பாறைகளில் ஏறினோம், கசெற் ரொய்லெற்றை யார் கொண்டுபோய் ஊற்றுவது என்று சண்டை பிடித்தோம். முறை போட்டுத்தான் தீர்த்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: 1997க்குப் பிறகு கார் லைசன்ஸ் எடுத்தவர்கள் பொதுவாக 3.5 தொன் வரைக்கும்தான் ஓட்டலாம். பெரிய மோட்டர்ஹோம் பார்த்து ஆசைப்பட முன்னம் எடையைக் கேளுங்கள். அதற்கு முன்னர் எடுத்தவர்களுக்குக் கூடுதல் எடை ஓட்ட அனுமதி இருக்கும், ஆனால் "அப்ப அப்பாவும் வரட்டும், அவரே ஓடுவார்" என்று அம்மா சொல்லக்கூடும் என்பதால் அதை வீட்டில் சொல்லாதீர்கள். வாடகைக் காப்புறுதிக்கு எத்தனை வயது கேட்கிறார்கள் என்றும் விசாரியுங்கள், இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களைப் பல இடங்களில் ஏற்பதில்லை. பள்ளி விடுமுறைக்கு முன்னம், ஜூனில், கிழமை நாளில் போனால் விலை குறைவு. அந்தக் கிழமையில் ஒரு சாமத்தியவீடு கட்டாயம் இருக்கும். மொய்யை முதலே அனுப்பிவிட்டுப் போங்கள்.