எண்ணெயும் சங்கீதமும்

கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் ஒரு கிரேக்கச் சொல்லை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறார்கள். 'ப்ஸால்மோஸ்' என்பது அந்தச் சொல். எபிரேயத்தில் 'மிஸ்மோர்' என்று இருந்ததைக் கிரேக்கத்தில் இப்படிப் பெயர்த்தார்கள்; தமிழ் பைபிளில் அது 'சங்கீதம்' ஆயிற்று. அதன் வினை 'ப்ஸால்லோ'. ஆதியில் விரலால் சுண்டுவது என்று பொருள். வில்லின் நாணைச் சுண்டினாலும் அதுதான், யாழ் நரம்பைச் சுண்டினாலும் அதுதான்.

ஆகவே வாத்தியமில்லாத பாட்டு பாட்டே அல்ல என்கிறது ஒரு கட்சி. பவுலின் காலத்துக்குள் அது வெறும் வாய்ப்பாட்டு என்றாகிவிட்டது, எபேசியர் நிருபத்தில் 'இருதயத்தில்' என்றும் சொல்லியிருக்கிறது, ஆகவே மிருதங்கத்தை வெளியே எடு என்கிறது மறு கட்சி.

இதைத் தீர்க்கக் கிரேக்கம் வேண்டாம், செக்கு போதும். எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வாங்க வந்தவனை, "எள் எங்கே?" என்று எந்தச் செட்டியாராவது மறித்ததுண்டா? சொல் பிறந்த இடம் வேறு, வாழ்கிற இடம் வேறு. கிரேக்க சபைகளில் இன்றும் பெரும்பாலும் வாத்தியமில்லாமல்தான் பாடுகிறார்கள். அங்கே பாடகருக்குப் பெயர் 'ப்ஸால்டிஸ்'. நரம்பையே தொடாதவருக்குச் சுண்டுகிறவர் என்று பெயர்!

அப்படியானால் மறு கட்சி ஜெயித்ததா? அதுவும் இல்லை. சோறு என்ற சொல்லில் குழம்பு இல்லை; அதற்காகக் குழம்பு விலக்கா? 150-ஆம் சங்கீதத்தைப் புரட்டினால் வீணையும் யாழும் தாளமும் வரிசையாக வருகின்றன. 'இருதயம்' என்ற சொல்லை எங்கள் திருநின்றவூர்க்காரனிடம் சொல்லி மிரட்ட முடியாது. பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர் இது. காஞ்சியில் பல்லவன் கட்டிய கற்றளிக்கு நாள் குறித்திருந்தபோது, சிவபெருமான் அந்த நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு முதலில் மனக்கோயிலுக்கு எழுந்தருளினார் என்பது கதை. கற்கோயிலை இடிக்கச் சொன்னார் என்று சேக்கிழார் எங்கும் பாடவில்லை.

எல்லா வாத்தியத்தையும் ஒன்றுபோல் விலக்குகிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆர்கன் இருக்கலாம், மிருதங்கம் மட்டும் ஆகாது என்கிறவரிடம்தான் எனக்கு வழக்கு. அதே நிருபத்தின் தமிழில் சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டு என்று மூன்று சொற்கள் வருகின்றன. நம் சபைகளில் கீர்த்தனை என்றால் ராக தாளத்தோடு வருவது. ஞானப்பாட்டு என்றால் ஐரோப்பிய மெட்டில் வருவது. எபேசு பட்டணத்தாருக்குக் கல்யாணியும் தெரியாது, ஜெர்மன் மெட்டும் தெரியாது. பிறகு ஒன்று மட்டும் எப்படி வேதப்படி ஆயிற்று?

சண்டை புதிதல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தமிழ்ப் பாட்டுக்காக இந்த மல்லை அப்போதே கட்டினார். 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகளுக்குத் தமிழ் இசை பிடிக்கவில்லை, அவர் விடவில்லை. அதே மூச்சில் சாதி வழக்கத்துக்கும் பரிந்து பேசினார்; அதை நான் ஏற்பதற்கில்லை. பாட்டு விஷயத்தில் அவர் கட்சிதான் நியாயம். அன்று எதிர்த்தவர்கள் தங்கள் காதுக்குப் பிடிக்கவில்லை என்றார்கள். இன்றைக்கு அந்தக் காதுக்குக் கிரேக்கத் தொப்பி போட்டிருக்கிறார்கள்.

மிருதங்கம் வேண்டாமென்றால் வேண்டாமென்று சபையார் கூடிப் பேசட்டும்: சத்தம் அதிகம், வாசிக்க ஆளில்லை, பிடிக்கவில்லை, எதையாவது சொல்லட்டும். அகராதியை மட்டும் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.