ஒன்பது படங்கள் கேட்கும் கேள்வி

ஏமன் நாட்டுப் புகைப்படக் கலைஞர் புஷ்ரா அல்முதவக்கல் 2010இல் உருவாக்கிய ‘தாய், மகள், பொம்மை’ வரிசையில் ஒன்பது படங்கள் உண்டு. முதல் படத்தில் வண்ணத் துணியால் தலையை மூடிய தாய் சிரிக்கிறாள். அருகில் மகள், மகளிடம் ஒரு பொம்மை. படத்துக்குப் படம் துணி கூடுகிறது, நிறம் கறுக்கிறது, சிரிப்பு மங்குகிறது. பிறகு முகங்கள் மறைகின்றன; பொம்மைக்கும் கறுப்பு அங்கி வந்துவிடுகிறது. கடைசிப் படத்தில் கறுப்பைத் தவிர ஒன்றுமே இல்லை. இதைப் பர்தா எதிர்ப்புப் பிரசாரம் என்று சுருக்குபவர்கள் முதல் படத்தை மறந்துவிடுகிறார்கள். அதிலும் தாயின் தலை மூடித்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் முழு ஆளாக நம் முன் இருக்கிறாள். தான் ஹிஜாபுக்கு எதிரியல்ல, சிறுமிகளையும் விட்டுவைக்காத தீவிரத்தையே கேள்வி கேட்பதாகப் புஷ்ரா விளக்கியிருக்கிறார். உடை எந்த இடத்தில் ஆளையே அழிக்கத் தொடங்குகிறது என்பதை அந்த உடையோடு வாழ்பவள்தான் இவ்வளவு துல்லியமாகக் காட்ட முடியும்.

வெளியார் கேமரா இதைச் செய்ததில்லை. 1960இல் அல்ஜீரியக் கிராமத்துப் பெண்களை அடையாள அட்டைக்காக முகத்திரை விலக்க வைத்தது பிரெஞ்சு ராணுவம். படைவீரர் மார்க் கராஞ்சே சுமார் 2,000 பேரைப் படமெடுத்தார். அந்தப் பார்வைகளில் தெரியும் கோபம் இன்றும் சுடுகிறது. திரையை விலக்கச் சொன்னவர்களும் சரி, போடச் சொல்பவர்களும் சரி, அதை அணியும் பெண்ணிடம் கேட்கவில்லை. உள்ளிருந்து எடுக்கும் கேமரா வேறு. ஈரானியப் புகைப்படக் கலைஞர் ஷாதி காதிரியான் 1998இல் எடுத்த ‘கஜார்’ வரிசையில், 19ஆம் நூற்றாண்டு உடையணிந்த பெண்கள் பெப்சி டப்பாவும் தூசி உறிஞ்சும் கருவியுமாக நம்மை நேராகப் பார்க்கிறார்கள். தலையை மூடும் சட்டத்துக்கு உட்பட்டே, பழைய வரையறைக்குள் இன்றைய வாழ்வை நடத்தும் சிக்கலை அவர் சொல்லிவிட்டார்.

உருவப்படமே இஸ்லாமிய மார்க்கத்துக்கு ஆகாது என்பார்கள் சிலர். மார்க்க அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஈரானை ஆண்ட கஜார் வம்ச மன்னர் நாசிருத்தீன் ஷா தம் அந்தப்புர மனைவியரைத் தாமே படமெடுத்தவர்; இன்றைய அரசுகளும் கடவுச்சீட்டுக்குப் படம் கேட்கின்றன. மன்னரும் அரசும் எடுக்கலாம், பெண் எடுத்தால் மட்டும் குற்றம் என்றால், அந்தத் தடைக்கு மார்க்கம் காரணமாக இருக்க முடியாது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: இப்படங்கள் மேற்கத்தியக் காட்சிக்கூடங்களில் தொங்கி, இஸ்லாமியர் மீதான வெறுப்புக்குத் தீனியாகின்றன என்பது. அந்த ஆபத்து உண்மைதான். அதற்காகப் பெண்கள் கேமராவைக் கீழே வைத்தால், கராஞ்சேயின் கோணம் மட்டுமே மிஞ்சும். ஈரானில் ஆண்கள் முன் தனித்துப் பாட அனுமதியற்ற பாடகியரை அந்நாட்டுப் புகைப்படக் கலைஞர் நியூஷா தவகோலியன் படமெடுத்தார். அவர்களுக்குக் கிடைக்காத இசைத்தட்டுகளுக்குக் கற்பனையில் அட்டையும் செய்து தந்தார். அந்தத் தடையைப் போட்டது மேற்கு நாட்டுப் பார்வையாளர் அல்ல. படமெடுக்காமல் விட்டிருந்தால் அது நீங்கியிருக்கப்போவதும் இல்லை.